அத்தியாயம் 6: எடுத்ததா, கிடைத்ததா? – 'டேக்'கும் 'கெட்'டும்

கல்முனைப் பக்கம் எதைத்தான் நாம் எடுக்காமல் விடுகிறோம்? காக்காவுக்குக் கோல் எடுக்கிறோம். சந்தையில் மீன் எடுக்கிறோம். மகள் ஓ.எல்.லில் 9 ஏ எடுக்கிறாள். மச்சான் கட்டாருக்கு விசா எடுக்கிறார். மாதக் கடைசியில் சம்பளம், நோன்புப் பெருநாளுக்கு லீவு, காய்ச்சலுக்குக் குளிசை, கலியாண வீட்டில் போட்டோ. எல்லாம் எடுப்பதுதான்.

ஆங்கிலம் கதைக்கத் தொடங்கியதும் இந்த 'எடு'வை அப்படியே 'டேக்' ஆக்கிவிடுவது நம் பக்கத்து மாணவர்களின் பெரிய வழக்கம். 'ஷி டுக் நைன் ஏஸ்', 'ஹி டுக் த விசா', 'ஐ டுக் மை சலரி'. கேட்கிற வெள்ளைக்காரருக்கு யாரோ எதையோ கை நீட்டி அள்ளிக்கொண்டு போனதுபோல் இருக்கும். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வர வேண்டியது 'கெட்'. அதன் இறந்தகாலம் 'கொட்'.

பெரிய ஆங்கில அகராதிகளில் 'கெட்' பக்கம் பக்கமாக நீளும். அதை வாசித்து இந்தச் சொல்லைக் கற்றவர் எவரையும் நான் கண்டதில்லை. நம்முடைய பேச்சில் 'எடு' எங்கே வருகிறது, 'கிடை' எங்கே வருகிறது, 'எனக்கு' எங்கே வருகிறது என்று பார்க்கப் பழகினால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். இந்த அத்தியாயம் அந்த வழியிலேயே போகிறது.

தொடங்கு முன்: வாயும் காதும்

ஆங்கில வசனங்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் உரக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எழுத்துக் கூட்டலில் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள்.

1. 'கெட்' என்பதன் முதல் ஒலி 'கெடுதி'யில் வரும் 'கெ' அல்ல. 'தங்கம்' என்று சொல்லும்போது 'ங்' முடிந்து பிறக்கும் அந்த மெல்லிய 'க'தான் இங்கே வேண்டும்.
2. கடைசியில் 'உ' சேர்க்க வேண்டாம். 'கெட்டு' என்று இழுத்தால் பால் கெட்டுப்போன கதையாகிவிடும். நாக்கை மேலே ஒட்டி அங்கேயே நிறுத்துங்கள்.
3. 'கேட்' என்று நீட்டினால் படலை. 'கெட்' குறில்.
4. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்: 'கெட்டிட்', 'கெட்டப்', 'கெட்டொன்'. வெளிநாட்டவர் கதைக்கும்போது பிடிபடாமல் போவது பெரும்பாலும் இந்த ஒட்டுத்தான்.

உருவங்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. இன்று 'கெட்', நேற்று 'கொட்', நடந்துகொண்டிருந்தால் 'கெட்டிங்'. அமெரிக்கப் படங்களில் 'கொட்டன்' என்று கேட்பீர்கள். அதுவும் சரிதான், அமெரிக்க வழக்கு. நம் பாடசாலைகளில் கற்பிப்பது பிரித்தானிய வழக்கு. அதில் 'கொட்' போதும்.

எடுத்ததா, கிடைத்ததா: ஒரு சோதனை

தமிழ் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் சோதியுங்கள். வரிசை முக்கியம்.

1. 'எடுத்தேன்' இருக்கும் இடத்தில் 'கிடைத்தது' என்று போட்டுப் பாருங்கள். கருத்து நின்றால் 'கெட்'. 'மகள் 9 ஏ எடுத்தாள்', 'மகளுக்கு 9 ஏ கிடைத்தது': கருத்து நிற்கிறது. ஆகவே 'ஷி கொட் நைன் ஏஸ்'. விசா கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, கடன் கிடைத்தது, எல்லாம் நிற்கின்றன. எல்லாம் 'கெட்'.
2. நிற்கவில்லை என்றால் 'வாங்கினேன்' என்று போடுங்கள். 'மீன் எடுத்தேன்', 'மீன் வாங்கினேன்'. நிற்கிறது. இங்கும் 'கெட்'தான்: 'ஐ கொட் சம் ஃபிஷ்'. 'பை' என்பதும் சரி. ஆனால் சந்தைப் பேச்சில் 'கெட்' இயல்பாக வரும்.
3. அதுவும் நிற்கவில்லை என்றால், உண்மையில் சொல்ல வருவது 'எடுத்து வா', 'எடுத்துத் தா' என்பதா என்று பாருங்கள். போய்க் கொண்டுவருவது என்றால் 'கெட்'. 'தண்ணி ஒள்ளுப்பம் எடுத்துத் தாங்க' என்பது 'கேன் யு கெட் மி சம் வோட்டர்?'
4. இந்த மூன்றிலும் பிடிபடாதது 'டேக்'. 'போட்டோ எடுத்தேன்' என்பதற்குப் பதிலாகப் 'போட்டோ கிடைத்தது' என்றால் கருத்தே மாறிவிடும். ஆகவே 'ஐ டுக் எ ஃபோட்டோ'. குளிசை விழுங்குவது, ஒருவருடைய பேனையை எடுப்பது, பரீட்சைக்குத் தோற்றுவது, எல்லாம் 'டேக்'.

நான்காவதில் உள்ள பரீட்சையைக் கவனியுங்கள். 'டேக் த எக்ஸாம், கெட் த ரிசல்ட்ஸ்'. பரீட்சைக்குப் போய் உட்காருவது நீங்கள். பெறுபேறு உங்களிடம் வருவது. இந்தச் சோடி மனதில் நின்றால் மற்றவை தடுமாறா.

மருந்துக்கும் இதே சோடி உண்டு. பாமசியில் வாங்குவது 'கெட்', வாயில் போடுவது 'டேக்'. 'ஐ கொட் த டெப்லட்ஸ்' என்றால் குளிசை கையில் இருக்கிறது என்று மட்டுமே கருத்து. விழுங்கியாயிற்று என்று வைத்தியருக்குச் சொல்ல 'ஐ டுக் த டெப்லட்ஸ்' என்றே சொல்ல வேண்டும். இதில் மாறாட்டம் வந்தால் இரண்டாம் தடவையும் குளிசை தந்துவிடுவார்கள், அல்லது தராமலே விட்டுவிடுவார்கள்.

லீவு இரண்டு பக்கமும் சாயும். 'ஐ கொட் லீவ்' என்றால் முகாமையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'ஐ டுக் லீவ்' என்றால் நீங்கள் வேலைக்குப் போகாமல் நின்றீர்கள். கையெழுத்து விழுமுன்னர் 'ஐம் டேக்கிங் லீவ் டுமோரோ' என்று சொன்னால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். 'கேன் ஐ கெட் லீவ் டுமோரோ?' என்று கேளுங்கள். 'கேன் ஐ ஹேவ் டுமோரோ ஓஃப்?' இன்னும் நல்லது.

கோல் மட்டும் தனிக் கணக்கு

மேலே சொன்ன சோதனைக்கு அகப்படாத சொல் ஒன்று உண்டு. அதுதான் நாம் நாளெல்லாம் சொல்வது.

'மச்சான், அவருக்குக் கோல் எடுத்தியா?' 'ஓம், எடுத்தன்.'

இங்கே கோல் எடுப்பது என்றால் நாம் அழைப்பது. ஆங்கிலத்தில் 'ஐ டுக் எ கோல்' என்றால், வந்த அழைப்புக்கு நான் பதில் சொன்னேன். திசை நேரெதிர். 'ஐ கொட் எ கோல்' என்றால் எனக்கு அழைப்பு வந்தது. நாம் அழைத்ததைச் சொல்ல 'ஐ கோல்ட் ஹிம்' போதும். 'டேக்'கும் வேண்டாம், 'கெட்'டும் வேண்டாம்.

கடையில் முதலாளி 'டிட் யு கோல் த சப்ளையர்?' என்று கேட்கிறார். நீங்கள் 'யெஸ், ஐ டுக் எ கோல்' என்கிறீர்கள். சப்ளையர்தான் அழைத்திருக்கிறார் என்று முதலாளி நினைத்து, 'வட் டிட் ஹி சே?' என்று அடுத்த கேள்வியைப் போடுவார். அங்கிருந்து கதை எங்கோ போகும்.

இதைத் தவறு என்று ஒரேயடியாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. சிங்களத்திலும் கோல் 'எடுக்கிற' வழக்கு இருப்பதால் நாட்டின் வேறு பக்கங்களிலும் ஆங்கிலத்தில் இப்படிக் கதைப்பவர்கள் உண்டு. நமக்குள் கதைக்கும்போது விளங்கிவிடும். இலங்கையருக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு. மைக்கல் மெய்லர் 2007இல் அதற்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். ஆனால் விமானம் ஏறியதும் அந்த ஆங்கிலத்தை விளங்கிக்கொள்ளும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

'எனக்கு' வந்தால் 'ஐ' போடுங்கள்

அடுத்த சிக்கல் சொல்லில் இல்லை, வசனத்தின் தலையில் இருக்கிறது. தமிழில் நமக்கு எல்லாம் வந்து சேர்கின்றன: எனக்கு வேலை கிடைச்சிட்டு, எனக்குக் காய்ச்சல் வந்திட்டு, எனக்குக் கோபம் வருது, எனக்கு விளங்குது. வேலையும் காய்ச்சலும் கோபமும் எழுவாய். நாம் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் 'கெட்' வந்தால் நாம்தான் முன்னுக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்குங்கள். 'அவருக்கு' என்பது 'ஹி', 'எங்களுக்கு' என்பது 'வி'.
2. உடனே 'கெட்' அல்லது 'கொட்' போடுங்கள்.
3. வந்த சாமானை அல்லது வந்த நிலையைக் கடைசியில் வையுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது: 'ஐ கொட் த ஜொப்.' எனக்குக் கோபம் வந்தது: 'ஐ கொட் ஆங்ரி.' எங்களுக்குக் களைத்துவிட்டது: 'வி கொட் டயர்ட்.' எனக்கு விளங்கவில்லை: 'ஐ டோன்ட் கெட் இட்.' கடைசியாகச் சொன்னது நண்பர்களிடம் மட்டும். அதிபரிடமோ முகாமையாளரிடமோ 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்பதே மரியாதை.

'த ஜொப் கொட் டு மி', 'ஃபீவர் கேம் டு மி' என்று எழுதுவோர் 'எனக்கு' என்பதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுபோனவர்கள். இலக்கணப் புத்தகம் எத்தனை படித்தாலும் இது போகாது. மேலே உள்ள மூன்று படிகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போய்விடும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு குறிப்பு. 'கெட்' தொடங்குவதைச் சொல்லும், 'ஹேவ்' இப்போது இருப்பதைச் சொல்லும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியர் 'வென் டிட் யு கெட் த ஃபீவர்?' என்று கேட்டால் அவருக்கு வேண்டியது காய்ச்சல் தொடங்கிய நாள். டெங்கு போன்ற நோய்களில் எத்தனையாவது நாள் என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு. 'ஐ கொட் இட் ஒன் மன்டே. ஐ ஸ்டில் ஹேவ் இட்.' திங்கட்கிழமை தொடங்கியது, இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு வசனமும் தயாராக இருக்கட்டும்.

'ஐம் கெட்டிங் பெட்டர்' என்றால் சுகமாகிக்கொண்டு வருகிறேன். முழுச் சுகம் இல்லை. 'இட்ஸ் கெட்டிங் வெர்ஸ்' என்றால் கூடிக்கொண்டு போகிறது. வலி கூடினால் வெட்கப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'ஐ கொட் லேட்' என்று நம் நாட்டில் எல்லோரும் சொல்கிறோம். வெளியே 'ஐ வோஸ் லேட்' அல்லது 'சொரி ஐம் லேட்'. நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு மட்டும் 'இட்ஸ் கெட்டிங் லேட்'.

ஏறுவதும் இறங்குவதும் போய்ச் சேருவதும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்சில் ஏறி ஒலுவிலில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் நாளும் செய்வது. தமிழில் ஏறு, இறங்கு என்று இரண்டே சொல். ஆங்கிலத்தில் வாகனத்தைப் பார்த்துச் சொல் மாறும்.

1. உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூடிய வாகனம் (பஸ், ரயில், விமானம், கப்பல்): 'கெட் ஒன்', 'கெட் ஓஃப்'.
2. காலைப் போட்டு ஏறி உட்காரும் வாகனம் (சைக்கிள், மோட்டர் சைக்கிள்): இதுவும் 'கெட் ஒன்', 'கெட் ஓஃப்'.
3. குனிந்து நுழையும் வாகனம் (கார், வேன், திரிவீல்): 'கெட் இன்', 'கெட் அவுட்'. சின்னத் தோணிக்கும் இதுதான்.

'ஐ கொட் ஒன் த பஸ் இன் கல்முனை அண்ட் கொட் ஓஃப் இன் ஒலுவில்.' நாம் சொல்லும் 'கெட் டவுன்' இலங்கை, இந்திய வழக்கு. பஸ் கொண்டக்டருக்கு விளங்கும். வெளியே அதற்கு வேறு கருத்தும் உண்டு. அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

திரிவீல் ஓட்டும் தம்பிமாருக்கு: சுற்றுலாப் பயணியை இறக்கும்போது 'கெட் அவுட் ஹியர்' என்று சொல்லாதீர்கள். அது கலைத்துவிடுவதுபோல் இருக்கும். 'யு கேன் கெட் அவுட் ஹியர்' என்று 'யு கேன்' சேர்த்தாலே போதும், தொனி மாறிவிடும். 'ஹியர் வி ஆர்' என்று சிரித்துக்கொண்டு சொன்னால் அதைவிட நல்லது.

போய்ச் சேருவதற்கும் 'கெட்'தான். அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. அந்த மாதங்களில் பொத்துவில் பக்கத்தில் நிற்கும் எவர் காதிலும் அடிக்கடி விழும் கேள்வி இது:

'ஹவ் டூ வி கெட் டு குமண?'

பதிலை இப்படிக் கட்டுங்கள்: 'டேக் த பானம ரோட். யு கெட் டு த பார்க் கேட் அட் உகந்தை.' பாதையைப் பிடிப்பது 'டேக்', போய்ச் சேருவது 'கெட் டு'. ஒரே பதிலில் இரண்டும் வந்துவிட்டன.

'டு' எங்கே விழும், எங்கே விழாது என்பதில்தான் தடுமாற்றம். ஊர்ப் பெயருக்கும் இடப் பெயருக்கும் 'டு' வேண்டும்: 'கெட் டு நிந்தவூர்', 'கெட் டு த மொஸ்க்'. வீடு, இங்கே, அங்கே என்ற மூன்றுக்கும் வேண்டாம்: 'கெட் ஹோம்', 'கெட் ஹியர்', 'கெட் தேர்'. 'கெட் டு ஹோம்' என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி போகும்.

பாதுகாப்பு: வேலைத்தளத்தில் கத்தும் 'கெட்'

இந்தப் பகுதியை வெளிநாடு போகிறவர்கள் வாசிக்காமல் தாண்ட வேண்டாம். சவூதியிலோ கட்டாரிலோ கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் ஒரு நாட்டவர், பாரந்தூக்கி ஓட்டுபவர் இன்னொரு நாட்டவர். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஏழெட்டு ஆங்கிலக் கத்தல்கள். அவற்றில் பலவற்றில் 'கெட்' வரும். கருத்தை யோசித்து நிற்க அங்கே நேரமில்லை.

1. 'கெட் டவுன்!' குனி, அல்லது உயரத்திலிருந்து கீழே வா. பஸ்சில் சொல்லும் 'இறங்கு' அல்ல. நிலத்தில் நிற்கும்போது இதைக் கேட்டால் உடனே தலையைத் தாழ்த்திக் குந்துங்கள். ஏன் என்று பிறகு பார்க்கலாம்.
2. 'கெட் பேக்!' பின்னால் போ. 'திரும்பி வா' என்று விளங்கி முன்னால் வருபவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து.
3. 'கெட் அவுட் ஒஃப் த வே!' வழியை விட்டு விலகு. முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் 'என்னை வெளியே போகச் சொல்கிறான்' என்று கோபப்பட்டு நின்ற இடத்திலேயே நிற்பார்கள் சிலர். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வந்துகொண்டிருக்கும். கோபம் வேண்டாம், பக்கவாட்டில் விலகுங்கள்.
4. 'கெட் அவே ஃப்ரொம் த எட்ஜ்!' விளிம்பிலிருந்து தள்ளிப் போ.
5. 'டோன்ட் கெட் அண்டர் த லோட்!' தொங்கும் பாரத்துக்குக் கீழே போகாதே.
6. 'கெட் ஹெல்ப்!' ஓடிப்போய் ஆளைக் கூட்டி வா. இங்கே 'ஹெல்ப்' என்பதை மட்டும் கேட்டுவிட்டு, விழுந்தவரை நீங்களே தூக்கப் போகாதீர்கள். உங்களைப் போகச் சொல்கிறார்கள்.

வேலை தொடங்கும் நாளில் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடக்கும். இந்த ஆறையும் அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லி, கையால் காட்டித் தரும்படி கேளுங்கள். வெட்கம் பார்க்கிற இடமல்ல. ஒரு கட்டளை வந்தால் அதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் நல்லது: அவர் 'கெட் த லேடர்' என்றால் நீங்கள் 'கெட் த லேடர், ஓகே' என்று சொல்லிவிட்டு ஏணியைக் கொண்டுவரப் போகலாம்.

'கெட் லொஸ்ட்' என்று யாராவது சொன்னால் அது வேலைக் கட்டளை அல்ல, ஏச்சு. நீங்கள் அதை எவருக்கும் சொல்லாதீர்கள். ஆனால் 'ஐ கொட் லொஸ்ட்' என்றால் வெறுமனே வழி தவறிவிட்டேன் என்று கருத்து. புது ஊரில் பயன்படும்.

பிறரைக் கொண்டு செய்விப்பது

'தலைமயிர் வெட்டினன்' என்று நாம் சொல்கிறோம். வெட்டியவர் சலூன்காரர். 'ஐ கட் மை ஹெயர்' என்றால் கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டியதாகிவிடும். 'ஐ கொட் மை ஹெயர் கட்' என்று சொல்லுங்கள். வரிசை இது: 'கொட்', பிறகு சாமான், பிறகு முடிந்த வினை. 'ஐ கொட் மை பாஸ்போட் ரினியூட்.' 'வி கொட் த சாரோங்ஸ் வோவன் இன் மருதமுனை.' மருதமுனைத் தறியில் நெய்தது நெசவாளர், நெய்வித்தது நாம்.

ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'டு' சேரும்: 'ஐ கொட் ஹிம் டு சைன் த ஃபோம்.' அவரைக் கொண்டு படிவத்தில் கையெழுத்து வைப்பித்தேன். 'மேக்' வந்தால் இந்த 'டு' விழாது, 'கெட்' வந்தால் விழுந்தே ஆகும். மாணவர்கள் இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் சொல்கிறேன்.

கலியாணமும் பழக்கமும்

'தாத்தா கலியாணம் முடிச்சிட்டா' என்பதில் உள்ள 'முடிச்சா'வைப் பிடித்து 'ஃபினிஷ்ட்' என்று எழுதுகிறார்கள். கேட்கிறவருக்கு மணவிலக்குப் போல இருக்கும்! 'மை சிஸ்டர் கொட் மெரிட்' என்று முடித்துவிடுங்கள். யாரை என்று சொல்ல 'டு': 'ஷி கொட் மெரிட் டு எ டீச்சர் ஃப்ரொம் சம்மாந்துறை.' 'வித்' வேண்டாம்.

வெளிநாட்டில் வெயிலுக்குப் பழகிவருகிறேன் என்பது 'ஐம் கெட்டிங் யூஸ்ட் டு த ஹீட்.' இதில் 'கெட்டிங்' விடுபட்டால், ஏற்கெனவே பழகிவிட்டேன் என்ற வேறு கருத்தாகத் திரும்பிவிடும்.

எழுத்தில் கொஞ்சம் கை அடக்கம்

பேச்சில் 'கெட்' எத்தனை முறை வந்தாலும் பரவாயில்லை. பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில், வேலை விண்ணப்பத்தில், பல்கலைக்கழக ஒப்படையில் அப்படியல்ல.

1. முதலில் மனதில் வருகிறபடி 'கெட்' போட்டே எழுதுங்கள். எழுத்து ஓடட்டும்.
2. முடிந்ததும் ஒவ்வொரு 'கெட்'டையும் கோடிடுங்கள்.
3. கடிதம், பணம், பொதி வந்தது என்றால் 'ரிசீவ்' ஆக்குங்கள். முயன்று பெற்ற அனுமதி, சான்றிதழ் என்றால் 'ஒப்டெய்ன்'. நிலை மாறியது என்றால் 'பிகம்'. போய்ச் சேர்ந்தது என்றால் 'அரைவ்'.
4. 'கெட் மெரிட்', 'கெட் யூஸ்ட் டு' போன்றவற்றைத் தொடாதீர்கள். அவற்றுக்குப் பதிலாகப் போடும் சொல் பெரும்பாலும் செயற்கையாகத்தான் இருக்கும்.

ஒப்படைகளில் 'ஒப்டெய்ன்' என்பதை ஒவ்வொரு வரியிலும் திணித்து வைக்கும் பிள்ளைகளும் உண்டு. அதற்கு 'கெட்'டே மேல்.

பயிற்சி

ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். இரவில், அன்றைக்கு நீங்கள் வாயால் 'எடுத்தேன்', 'எடுத்தாச்சு' என்று சொன்ன வசனங்களை நினைவுபடுத்தி ஐந்தைக் கொப்பியில் எழுதுங்கள். நான்கு படிச் சோதனையை ஒவ்வொன்றுக்கும் போடுங்கள். ஆங்கில வசனத்தை உரக்கச் சொல்லி, மொபைலில் பதிந்து கேளுங்கள். 'கெட்டு' என்று இழுத்திருக்கிறீர்களா என்று அதில் தெரிந்துவிடும்.

இப்போது இவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

1. உம்மா, சாவியை எடுத்துத் தாங்க.
2. காக்கா நேற்றுச் சம்பளம் எடுத்தார்.
3. நான் வாப்பாவுக்குக் கோல் எடுத்தன்.
4. காலையில குளிசை எடுத்தாச்சு.
5. எனக்குப் பசி வந்திட்டு.
6. காரைதீவுச் சந்தியில பஸ்ஸால இறங்கினன்.
7. எத்தனை மணிக்கு வீட்ட போய்ச் சேர்ந்தீங்க?
8. மோட்டர் சைக்கிளைத் திருத்தி எடுத்தன்.

விடைகள்

1. 'உம்மா, கேன் யு கெட் மி த கீ?' கொண்டுவந்து தருவது, ஆகவே மூன்றாம் படி.
2. 'மை பிரதர் கொட் ஹிஸ் சலரி யெஸ்டர்டே.' 'கொட் பெய்ட்' என்றாலும் சரி.
3. 'ஐ கோல்ட் மை ஃபாதர்.' 'டுக்' என்று எழுதியிருந்தால் கோல் பகுதிக்குத் திரும்புங்கள்.
4. 'ஐ டுக் த டெப்லட்ஸ் திஸ் மோர்னிங்.' விழுங்கியது.
5. 'ஐ கொட் ஹங்ரி.' இந்த நிமிடம் பசிக்கிறது என்றால் 'ஐம் ஹங்ரி.'
6. 'ஐ கொட் ஓஃப் த பஸ் அட் காரைதீவு ஜங்ஷன்.' சந்தி என்பதால் 'அட்'.
7. 'வட் டைம் டிட் யு கெட் ஹோம்?' 'டிட்' வந்துவிட்டதால் 'கொட்' கூடாது. வீடு என்பதால் 'டு'வும் கூடாது.
8. 'ஐ கொட் மை மோட்டர்பைக் ரிப்பேர்ட்.' நீங்களே திருத்தினீர்கள் என்றால் 'ஐ ரிப்பேர்ட் மை மோட்டர்பைக்.'